ஏழாம் வளைவு அண்ணன்

நாற்பத்தொரு நாள் விடாமல் பெய்த மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, யாரோ குழாயை மூடியதுபோல நின்றது. பத்தேகால் மணிக்கெல்லாம் குருவம்மாள் மாத்திரைப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டாள். குயில்மேடு எஸ்டேட்டின் ஐந்து டிவிஷனிலும் சேர்த்து ரத்தக் கொதிப்புக்காரர்கள் முப்பத்தெட்டு பேர், சர்க்கரைக்காரர்கள் பத்தொன்பது பேர், இரண்டும் உள்ளவர்கள் ஆறு பேர், ஆக அறுபத்து மூன்று பேருக்கு வீடு தேடிப்போய் மாத்திரை கொடுப்பது அவள் வேலை. ஒன்றாம் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்குத் தேயிலைக் காட்டின் நடுவே ஏறிப்போகிற மண்பாதையில் ஜீப் போகாது. பதினான்கு வளைவு. ஒன்பது வளைவை மிதித்து ஏறலாம், ஐந்து வளைவில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவள் அந்த எஸ்டேட்டில் அவள் ஒருத்தி. பேசக் கூச்சப்படுகிறவளும் அவள் ஒருத்தி.

அந்தக் கூச்சம் போதாதென்று அவளுக்கு ஒரு கவலையும் இருந்தது. மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். குருவம்மாள் பிறந்த வீட்டில் பெண்கள் ஐந்து பேர், ஆண் கிடையாது. பெரியப்பா மகன் ஒருவர் திருப்பூரில் இருந்தார். பிள்ளையின் ஒரு வயதில் வருகிறேன் என்றார், வரவில்லை. மூன்று வயதில் பஸ் ஏறிவிட்டேன் என்றார், பஸ் மட்டும் வந்தது. இரட்டைப்படை வயதில் குத்த மாட்டார்கள். ஐந்தும் போனால் ஏழுதான். மாமியார் வெள்ளத்தாய் இதை ஒரு நாளைக்குக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை சொல்வாள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடுகிற மாத்திரை மாதிரி: "மடி இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தேன். எம் பேத்தி மூளிக் காதோட நிக்கிறா."

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் டிவிஷனில் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கும்போது, மேலிருந்து எண்ணினால் எட்டாவதும் கீழிருந்து எண்ணினால் ஏழாவதுமான வளைவில், பாதைக்குக் குறுக்கே ஒரு சிறுத்தை படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குருவம்மாளின் சைக்கிளில் பின் பிரேக் பிடிக்கும், முன் பிரேக் பிடிப்பதுபோல் பாவனை செய்யும். ஆறடி தள்ளித்தான் நின்றாள். சிறுத்தையைக் கண்டால் ஓடாதே, குனியாதே, முதுகு காட்டாதே, கையைத் தூக்கிச் சத்தம் போடு என்று நான்கு விதிகளை வனத்துறைக்காரர்கள் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்லித் தந்திருந்தார்கள். நான்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. முப்பத்து நாலு வருஷமாகப் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் முன்பின் தெரியாத எந்த ஆணிடமும் எது வாயில் வருமோ அதுதான் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க."

சிறுத்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு எழுந்து, சேலை உரசாத தூரத்துக்கு இரண்டு எட்டு ஒதுங்கி, குறுகலான சந்தில் பெண்கள் போகும்போது மரியாதை தெரிந்த ஆட்கள் செய்வதுபோல, முகத்தைத் தேயிலைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டது. அதோடு போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. குருவம்மாள் பழக்க தோஷத்தில், "சரிங்கண்ணே, வர்றேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஏழாம் வளைவில் அது காத்துக்கொண்டிருந்தது. தள்ளவேண்டிய ஐந்து வளைவுகளிலும் கேரியரில் நெற்றியை வைத்து முட்டித் தள்ளிக்கொடுத்தது. மூன்றாம் டிவிஷன் வீடுகள் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் மாத்திரை கொடுத்துத் திரும்புகிறவரை ஐம்பது நிமிஷம் இருந்து, இறக்கத்தில் பின்னாலேயே ஓடிவந்தது. நான்காம் நாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"குருவு, பின்னால யாருடி?"

"எங்கண்ணே."

"ஓ" என்றார்கள் அவர்கள். மூன்று மணிக்கு எடை போட வந்துவிடுவார்கள் என்பதால் மறுபடி கொழுந்துக்குக் குனிந்தார்கள்.

சாயங்காலம்தான் பேச்சு வந்தது. ஒன்றாம் டிவிஷன் லயனில், லயன் என்றால் அங்கே சிங்கமல்ல, வரிசை வீடு, மொத்தம் நாற்பத்தெட்டு வீடு. ஒரு ஆள் புதிதாகச் சொந்தமாகிவிட்டால் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் யாருக்கும் தூக்கம் வராது. குருவம்மாளை அக்கா என்றும் தங்கச்சி என்றும் கூப்பிடுகிற பதினேழு வீட்டுக்கு அண்ணன் ஆயிற்று. மதினி என்று கூப்பிடுகிற இருபத்து நாலு வீட்டுக்கு மச்சான் ஆயிற்று. முறை எதுவும் வராத ஏழு வீட்டுக்காரர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு 'சார்' என்று கூப்பிடுவதாக முடிவு செய்தார்கள். குருவம்மாளின் புருஷன் சவுந்தரராசு தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்துகிற வேலை பார்க்கிறவன், யாருக்கும் எதிர்ப்பேச்சு பேசாதவன். அவன் அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துவிட்டு, "மச்சான் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டான்.

சங்கடம் வெள்ளத்தாய்க்குத்தான். மருமகளின் அண்ணன் என்றால் அவளுக்கு மருமகன் முறை. மருமகன் முன்னால் உட்காரக் கூடாது. சிறுத்தை சாயங்காலம் மேட்டில் வந்து லயனைப் பார்த்து நிற்கும் நேரமெல்லாம் அவள் வாசற்படியிலிருந்து எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மூட்டு வலிக்காரி, ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுந்தாள். "வர்ற மனுசன் ஒரு தடவையா வந்துட்டுப் போகக் கூடாதா" என்று முனகினாள்.

நாய் விஷயத்தில் நன்மை உண்டாயிற்று. மாசத்துக்கு இரண்டு நாய் காணாமல் போய்க்கொண்டிருந்த ஒன்றாம் டிவிஷனில் அதன் பிறகு ஒரு நாயும் போகவில்லை, ஏனென்றால் தங்கச்சி வீட்டு வாசலில் கைவைக்கிறது எந்த ஊரிலும் வழக்கமில்லை. மூன்றாம் டிவிஷனில் மட்டும் நாலு போயிற்று. பவுனுத்தாய் என்ற சர்க்கரைக்காரி மாத்திரையை வாங்கிக்கொண்டே, "ஒங்க சொந்தக்காரருகிட்ட கொஞ்சம் சொல்லி வைம்மா. எங்க கருப்பன் பால் குடிச்சு வளர்ந்த நாயி" என்றாள். குருவம்மாள் மன்னிப்புக் கேட்டாள். ஏழாம் வளைவில் சொல்லியும் பார்த்தாள். அண்ணன் கொட்டாவி விட்டது.

தை பிறந்தது. சவுந்தரராசுதான் முதலில் வாயைத் திறந்தான், கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவனாகச் சொன்ன முதல் யோசனை அதுதான்: "மச்சான்தான் இருக்காரே. காது குத்திரலாமா?"

டீக்கடையில் கூடிப் பேசினார்கள். கூடியவர்கள் முப்பத்தொரு பேர். யாரும் கூடாது என்று சொல்லவில்லை; சொந்தம் என்று ஆனபிறகு செய்முறையைத் தடுக்கிற பாவத்துக்கு யார் போவது? சந்தேகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எல்லாஞ் சரி, மடி எங்க இருக்கு அதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

சூப்பர்வைசர் அந்தோணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லயனில் எந்த வழக்கானாலும் அவர் கண்ணாடி துடைத்த பிறகுதான் முடியும். "உட்கார்ந்தா மடி வரும். நின்னா மனுசனுக்கே மடி கிடையாது. எங்க, எழுந்திருச்சு ஒங்க மடியக் காட்டுங்க பாப்போம்?"

கேட்டவர் எழுந்து நின்று, குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

பத்திரிகை அடிக்கப் போனில் சொன்னபோது பிரஸ்காரர் தாய்மாமன் பெயர் கேட்டார். சவுந்தரராசு விழித்தான். "ஏழாம் வளைவு அண்ணன்னு போடுங்க." இனிஷியல் உண்டா என்றார். இல்லை என்றான். தை மாதம் இருபத்தொன்றாம் தேதி, முனீஸ்வரன் கோயிலில், காலை ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள், தாய்மாமன் திரு. ஏழாம் வளைவு அண்ணன் அவர்கள் மடியில் வைத்து என்று நூற்றிருபது பத்திரிகை வந்தது. வெள்ளத்தாய் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்து, 'திரு'வில் விரலை வைத்துத் தடவினாள். அன்று காலையிலும் சாயங்காலத்திலும் மடி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குருவம்மாள் பத்திரிகை ஒன்றை மாத்திரைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஏழாம் வளைவில் வாசித்துக் காட்டினாள். வெற்றிலை பாக்கு வைத்து, முறைப்படி.

காது குத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காட்டு வாட்சர் சடையன் வீட்டுக்கு வந்தார். அந்த மலையிலேயே பிறந்தவர், காலடித் தடத்தைப் பார்த்தே நேற்று என்ன சாப்பிட்டது என்று சொல்கிறவர். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றார்.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது. மரத்துல கட்டியிருக்கிற கேமராவுல நாலு போட்டோ விழுந்திருக்கு. நாலும் பின்பக்கம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது அண்ணன் இல்ல. அக்கா."

குருவம்மாள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கிவைத்தாள்.

வெள்ளத்தாய் நாலு மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப பெரியம்மா முறை. பெரியம்மா வரலாம், பாயசம் குடிக்கலாம், பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கலாம். மடியில வைக்க முடியாது. பொம்பளைக்கா நான் நாலு மாசம் எந்திரிச்சு நின்னேன்?"

லயன் இரண்டுபட்டது. அச்சடித்தாயிற்று, அச்சில் 'திரு' என்று வந்தபிறகு மாற்றக் கூடாது என்று ஒரு கட்சி. வாயால் அண்ணன் என்று கூப்பிட்டாயிற்று, அதுவும் நின்று வழிவிட்டாயிற்று, பிறகு பின்பக்கத்தைப் பார்த்து முறை மாற்றுவது மரியாதையா என்று இன்னொரு கட்சி. அந்தோணி கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார், தீர்ப்பு வரவில்லை. சவுந்தரராசு ஃபாக்டரியில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வந்தான். தர்ஷினி, "அப்ப எனக்குக் கம்மல் கிடையாதா?" என்று கேட்டாள். குருவம்மாள் சமையல்கட்டுக்குப் போனாள். இருந்த பதினாறு பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாள், கழுவியிருந்த நாலையும் மறுபடி கழுவினாள்.

மறுநாள் ஏழாம் வளைவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். அறுபத்து மூன்று பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்த பிறகுதான் நிறுத்தினாள். சிறுத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா" என்றாள் குருவம்மாள். அதன் காது ஒன்று திரும்பியது. "தப்பாக் கூப்பிட்டுட்டேன், மன்னிச்சிருங்க. நீங்களும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. போகட்டும். எனக்குக் கூடப்பொறந்த பொம்பளைங்க ஏற்கெனவே நாலு பேரு, நீங்க அஞ்சு. எனக்கு வேண்டியது ஆம்பளை." அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை, மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க எனக்கு அக்கான்னா, ஒங்க கூடப்பொறந்தவரு எனக்கும் கூடப்பொறந்தவரு. அதுல தப்பு இல்லையே? அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

சிறுத்தை அவளை நேராகப் பார்த்தது. எழுந்தது. வால் நுனியால் ஒருமுறை கேரியரைத் தட்டிவிட்டு, மேற்கே, மலையாளக் கரைப் பக்கம், சோலைக்குள் போயிற்று.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏழு நாள் வரவில்லை. ஐந்து வளைவிலும் குருவம்மாள் தனியாகத் தள்ளினாள். நாலு மாசமாக வேறொருவர் நெற்றி தாங்கிய பாரம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளத்தாய் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்பதை மாற்றி மூன்று வேளையாக்கினாள். "கேட்டதும் ஓடிருச்சு பாத்தியா. ஆம்பளை இல்லாத குடும்பம்னு காட்டுலகூடத் தெரிஞ்சு போச்சு."

தை இருபத்தொன்று. முனீஸ்வரன் கோயில் வாசலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். பத்திரிகை அடித்தது நூற்றிருபதுதான், வந்தவர்களில் பாதிப் பேர் மடியைப் பார்க்க வந்தவர்கள். டவுனிலிருந்து வந்த ஆசாரி ஊசியையும் கம்மலையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் தாய்மாமன் கொஞ்சம் முரட்டு ஆள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. பத்தேகாலுக்கு வெள்ளத்தாய், "ஏழு வயசுல பாத்துக்கலாம், எந்திரிங்க" என்றாள். குருவம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்தபடி நின்றாள். கூச்சக்காரி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்க அழுதுவிடக் கூடாதே என்று தேயிலைச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னூற்று நாற்பதாவது செடி அசைந்தது.

பத்து மணி இருபத்தாறு நிமிஷத்துக்கு அக்கா முன்னால் வந்தது. பின்னால், தூரத்து ஊரிலிருந்து பொண்டாட்டி பேச்சைக் கேட்காமல் கிளம்பிவந்த ஆள் மாதிரி, தயங்கித் தயங்கி, அதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, இடது காது பிய்ந்துபோன ஒரு ஆண் சிறுத்தை வந்தது. வாட்சர் சடையன் ஒரே பார்வையில், "ஆம்பளை. சந்தேகமே இல்ல. நம்ம பக்கத்து ஆளு இல்ல, மலையாளத்துக்காரர்" என்றார். கூட்டம் வழிவிட்டது. வெள்ளத்தாய் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

புது அண்ணன் வாயில் ஒரு சேலை இருந்தது. மஞ்சள் சேலை, இன்னும் முழுசாகக் காயவில்லை. கரையில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் குருவம்மாளின் காலடியில் வைத்தது.

மூன்றாம் டிவிஷன் பவுனுத்தாய் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, இது என்—" பக்கத்தில் நின்றவள் இடுப்பில் கிள்ளினாள். பவுனுத்தாய் அண்ணனின் பல்லைப் பார்த்தாள். "—ன அழகான சேலை!" என்று முடித்தாள்.

அண்ணன் முனீஸ்வரன் முன்னால் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் நீட்டியது. மடி வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், அந்தோணி கண்ணாடியைத் துடைக்காமலே தலையை ஆட்டினார். தர்ஷினி போய் அந்தக் கால்களின் நடுவில் உட்கார்ந்து, நிமிர்ந்து, பிய்ந்த காதைப் பார்த்தாள். "மாமாவுக்கு ஏற்கெனவே குத்தியாச்சு. வலிச்சுதா மாமா?"

முதல் காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். அண்ணனின் நெஞ்சுக்குள் மரம் அறுப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது. "அவ்வளவுதாங்க ஐயா, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று ஆசாரி பிள்ளையைச் சமாதானப்படுத்தாமல் மாமனைச் சமாதானப்படுத்தினார். இரண்டாவது காதை அவர் வாழ்நாளிலேயே சீக்கிரமாகக் குத்தினார். பத்து மணி இருபத்தொன்பது நிமிஷம். நேரம் முடிய ஒரு நிமிஷம் மிச்சம். முதல் இலை தாய்மாமனுக்குப் போட்டார்கள். கறியைச் சாப்பிட்டது, பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அக்கா பக்கம் நகர்த்தியது. பிறகு இரண்டும், போட்டோ எடுப்பவர் ஃபிளாஷை மாட்டுவதற்குள், மேட்டில் ஏறிப் போய்விட்டன.

அதற்குப் பிறகு வெள்ளத்தாய்க்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வாய் பழகிவிட்டது. பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரசத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது ரசமா? பாத்திரம் கழுவின தண்ணியா? புளி என்ன வெலை விக்குதுன்னு இவ்வளவு சிக்கனம்?"

குருவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பிறந்த லயன் வீடு, அப்பா ரிட்டயர் ஆன அன்றே எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. அங்கே இப்போது யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்த வீட்டில் ஒருமுறைகூடக் கேட்காத ஒரு வாக்கியத்தை, சத்தம் போடாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் எங்க பொறந்த வீட்டுக்குப் போறேன்."

பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து, துணிப்பையை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, வளைவு வளைவாக ஏறிப் போனாள். வெள்ளத்தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறாம் வளைவு வரை சேலை தெரிந்தது.

மாத்திரைக்கு என்ன செய்வது என்று மறுநாள் யாரோ கேட்டபோதுதான், அறுபத்து மூன்று பேருக்கும் வியாழக்கிழமையே ஆறு நாள் மாத்திரை எண்ணிக் கொடுத்தாயிற்று என்ற விவரம் வெளியே வந்தது. ரசத்தில் சண்டை வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளத்தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணிப் பார்த்தாள். "அடி கள்ளி" என்றாள், கொஞ்சம் மரியாதையோடு.

மூன்றாம் நாள் சவுந்தரராசு சலவைச் சட்டை போட்டு, ஒரு கையில் வாழைப்பழச் சீப்பும் இன்னொரு கையில் உயிர்க்கோழியுமாக ஏழாம் வளைவில் வந்து நின்றான். மேலே, வெயில் விழுகிற பாறையில், அண்ணன் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் படுத்திருக்க, நடுவில் குருவம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? மதினி, சௌக்கியமா?" என்று கீழே நின்றபடியே கேட்டான். "குருவு, அம்மா சொல்லச் சொல்லுச்சு. ரசத்துல புளி சரியாத்தான் இருந்துச்சாம். வாயிலதான் ருசி இல்லையாம். கூட்டிக்கிட்டு வரச் சொல்லுச்சு."

குருவம்மாள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். அண்ணனைப் பார்த்தாள், அது கண்ணை மூடித் திறந்தது. பிறந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிற எல்லாப் பெண்களையும்போல, தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"கோழியை வச்சிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்."